நைட் விஷன் கேமரா வாங்கப் போறீங்களா? பெட்டியில் போட்டிருப்பதை நம்புவதற்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

ஊர்ல மாரியம்மன் நோம்பி வருது. ராத்திரி கம்பம் சுத்தி ஆடுறதை முழுசா ஷூட் பண்ணணும். அல்லது, நண்பர்களோட வால்பாறை டிரிப், இருட்டின பிறகும் வீடியோ எடுக்கணும். அதுவும் இல்லைன்னா, தோட்டத்துக்குள்ள ராத்திரி புகுந்து மக்காச்சோளத்தை நாசம் பண்றது காட்டுப்பன்றியா, வேற ஏதாவதான்னு பார்த்தே ஆகணும்.

காரணம் எதுவா இருந்தாலும், ஆன்லைன்ல தேடினா கண்ணுல படுறது ஒரே வார்த்தைதான்... 'நைட் விஷன்'. சில ஆயிரம் ரூபாய் கேம்கார்டர் பெட்டியிலும் அதே வார்த்தை. லட்சங்களைத் தாண்டும் கேமராவிலும் அதே வார்த்தை. வீட்டு வாசலில் மாட்டும் சிசிடிவியிலும் அதே வார்த்தை.

பிரச்னையே இங்கதான் ஆரம்பிக்குது. 'நைட் விஷன்' என்பது ஒரே வசதியின் பெயர் இல்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத மூன்று தொழில்நுட்பங்களுக்கு விளம்பரக்காரர்கள் வைத்த பொதுப்பெயர். உங்களுக்குத் தேவையானது ஒன்று, நீங்கள் வாங்கி வருவது இன்னொன்று என்றால், எவ்வளவு காசு கொடுத்தாலும் வேஸ்ட்தான். அந்த மூன்றும் என்ன, நம்ம கோவை, ஈரோடு, பொள்ளாச்சி பக்கத்துத் தேவைகளுக்கு எது செட் ஆகும்னு பார்க்கலாம், வாங்க.

போட்டோ சூப்பர், வீடியோ மட்டும் ஏன் சொதப்புது?

முதல்ல ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்குவோம். 'என் போன்லயே நைட் மோடு இருக்கே, போட்டோ பகல் மாதிரி வருதே, அப்புறம் வீடியோ மட்டும் ஏன் புள்ளி புள்ளியா வருது?'

கேமராவுக்குள் இருக்கும் சென்சாரை மழைக்கு வைத்த பாத்திரம் மாதிரி நினைச்சுக்கோங்க. மழைதான் வெளிச்சம். தூறலாக இருந்தாலும் ரொம்ப நேரம் வைத்தால் பாத்திரம் நிறையும். நைட் மோடு போட்டோவில் நடப்பது இதுதான். போன் 2, 3 விநாடிகள் வரை வெளிச்சத்தைச் சேர்த்து, பல படங்களை ஒன்றாக அடுக்கித் தருகிறது.

வீடியோவில் அந்த அவகாசம் இல்லை. விநாடிக்கு 25 ஃப்ரேம் எடுத்தால், ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது அதிகபட்சம் விநாடியில் 25-ல் ஒரு பங்கு. அதாவது, 3 விநாடி போட்டோவுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் 75-ல் ஒரு பங்குதான். பாத்திரம் நிறையாததால் கேமரா அந்தக் கொஞ்ச வெளிச்சத்தையே செயற்கையாகப் பெருக்கிக் காட்டுகிறது. அப்போது கூடவே பெருகி வருவதுதான் நீங்கள் பார்க்கும் அந்தப் புள்ளிகள்.

நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு நம்ம ஊர்லயே ஒரு உதாரணம் இருக்கு. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் கோடிக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி அணைவதை 2022-ல் வனத்துறையோடு சேர்ந்து பதிவு செய்தவர் புகைப்படக் கலைஞர் ஸ்ரீராம் முரளி. அந்தக் காட்டில் அவர் எடுத்த மின்மினிப் படம் ஒன்று, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் 2023-ம் ஆண்டு காட்டுயிர் புகைப்படப் போட்டியில் முதுகெலும்பற்ற உயிரினங்களுக்கான பிரிவில் வென்றது. அந்த ஒரு படத்துக்குள் இருப்பது, தலா 19 விநாடிகள் எடுத்த 50 படங்கள். சுமார் 16 நிமிட வெளிச்சம் ஒரே படத்தில்!

வீடியோ எடுப்பவருக்கு அந்த 19 விநாடி கிடையாது. அப்போ வேற வழியில் வெளிச்சத்தைத் தேட வேண்டும். அந்த வழிகள்தான் மூன்று.

வழி 1: இருக்கிற வெளிச்சத்தையே அள்ளுவது

'லோ லைட்' என்று சொல்வது இதைத்தான். பாத்திரத்தைப் பெரிசாக்குவது, அதன் வாயையும் அகலமாக்குவது. பாத்திரம் என்பது சென்சார், வாய் என்பது லென்ஸ்.

சாதாரண கேம்கார்டர்களில் இருப்பது விரல் நகத்தைவிடச் சின்ன சென்சார். '1 இன்ச்' என்று சொல்லப்படும் சென்சாரின் உண்மையான அளவு 13.2 x 8.8 மில்லிமீட்டர். 'ஃபுல் ஃப்ரேம்' சென்சார் 36 x 24 மில்லிமீட்டர். பரப்பளவில் ஏழு மடங்குக்கும் மேல். 2014-ல் வந்த சோனி ஏ7எஸ் கேமரா இருட்டு வீடியோவுக்குப் பெயர் வாங்கியதற்குக் காரணம், அந்தப் பெரிய சென்சாரில் வெறும் 12 மெகாபிக்ஸல்தான் இருந்தது. பிக்ஸல் எண்ணிக்கை குறைவு, ஒவ்வொரு பிக்ஸலும் பெரிசு, அதனால் ஒவ்வொன்றும் பிடிக்கும் வெளிச்சமும் அதிகம். 'எங்க கேமரா 48 மெகாபிக்ஸல், நைட் விஷன்' என்று குட்டி கேம்கார்டர் பெட்டியில் எழுதியிருந்தால் அசந்துடாதீங்க. வீடியோவுக்கு அத்தனை பிக்ஸல் தேவையே இல்லை. 4கே வீடியோவுக்குச் சுமார் 8 மெகாபிக்ஸல் போதும்.

லென்ஸ் விஷயத்தில் 'எஃப்' நம்பரைப் பாருங்க. நம்பர் குறைந்தால் வெளிச்சம் கூடும். எஃப் 1.4 லென்ஸ், எஃப் 2.8 லென்ஸைப் போல நாலு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். ஜூம் லென்ஸில் இரண்டு எஃப் நம்பர் போட்டிருப்பார்கள். உதாரணமாக எஃப் 2.0 - 3.8 என்று இருந்தால், முழுசா ஜூம் பண்ணும்போது உள்ளே வரும் வெளிச்சம் கிட்டத்தட்ட கால்வாசி ஆகிவிடும். 'பகல்ல ஜூம் நல்லாருந்துச்சு, ராத்திரி ஜூம் பண்ணா கறுப்பாயிடுது' என்ற புலம்பலுக்குக் காரணம் இதுதான். இருட்டில் ஜூம் பண்ணுவதைவிட நாலடி முன்னால் போய் நிற்பது நல்லது.

'லக்ஸ்' கணக்கும் கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க. உச்சி வெயில் சுமார் 1 லட்சம் லக்ஸ். வீட்டு ஹாலில் டியூப் லைட் வெளிச்சம் 100 லக்ஸ் பக்கம் இருக்கும். தெளிவான வானில் பௌர்ணமி நிலா அதிகபட்சம் 0.3 லக்ஸ். 'குறைந்தபட்சம் 1 லக்ஸ்' என்று ஒரு கேமராவில் போட்டிருந்தால், அது நிலா வெளிச்சத்துக்கே தாங்காது என்று அர்த்தம். அந்த 1 லக்ஸ் படமும் பளிச்சென்று இருக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஷட்டர் வேகத்தைக் குறைத்து, ஏதோ உருவம் தெரிகிறது என்ற அளவில் வைத்து அளந்த நம்பராகவும் இருக்கலாம்.

இந்த வழியில் கிடைக்கும் பெரிய லாபம் கலர். வள்ளி கும்மியை எடுத்துக்கோங்க. மேட்டுப்பாளையம் பக்கத்து தேக்கம்பட்டியைச் சேர்ந்த பத்திரப்பன் ஐயாவுக்கு 2024-ல் பத்மஸ்ரீ கிடைத்த பிறகு, அந்தக் கலையைத் தேடிப் பார்க்கும் இளசுகள் கூட்டமும் அதிகமாயிருக்கு. ஃபோகஸ் லைட் வெளிச்சத்தில், ஒரே நிறச் சேலையில் நூற்றுக்கணக்கான பெண்கள் சுற்றி ஆடும்போது, அந்த நிறம் இல்லாமல் வீடியோ எதுக்கு? அங்கே உங்களுக்குத் தேவை வேகமான லென்ஸும் ஓரளவு பெரிய சென்சாரும்தான். பெட்டியில் போட்ட 'நைட் விஷன்' அங்கே எந்த உதவியும் செய்யாது.

கூடவே ஒரு செட்டிங்ஸ் டிப்ஸ். நம்ம ஊர் கரன்ட் 50 ஹெர்ட்ஸ். அதனால் பல விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். கேமராவை 30 அல்லது 60 ஃப்ரேமில் வைத்து எடுத்தால் வீடியோவில் பட்டை பட்டையாக ஓடலாம். 25 அல்லது 50 ஃப்ரேம், ஷட்டர் விநாடியில் 50-ல் ஒரு பங்கு என்று வைத்தால் பெரும்பாலும் அந்தத் தொல்லை இருக்காது.

வழி 2: கண்ணுக்குத் தெரியாத டார்ச்

'நைட் விஷன்' என்று எழுதி விற்கும் பெரும்பாலான கேம்கார்டர்கள் இந்த வகைதான். இன்ஃப்ராரெட், சுருக்கமாக ஐஆர்.

நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் சுமார் 700 நானோமீட்டரோடு முடிந்துவிடும். ஆனால் கேமரா சென்சாரால் அதற்கு அப்பாலும் 1000 நானோமீட்டர் பக்கம் வரைக்கும் பார்க்க முடியும். பகலில் அது கலரைக் கெடுக்கும் என்பதால், சென்சாருக்கு முன்னால் ஒரு ஐஆர் தடுப்பு ஃபில்டர் வைத்திருப்பார்கள். நைட் மோடு போட்டதும் அந்த ஃபில்டர் விலகி, கேமராவில் இருக்கும் ஐஆர் விளக்கு எரியும். நமக்கு கும்மிருட்டு, கேமராவுக்கு டார்ச் அடித்த மாதிரி.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். டிவி ரிமோட்டின் முனையை போனின் செல்ஃபி கேமராவுக்கு முன்னால் பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்க. பல போன்களில் ஊதா நிறத்தில் ஒரு புள்ளி மின்னும். நேரில் பார்த்தால் எதுவும் தெரியாது. அதுதான் ஐஆர்.

ஐஆர் கேமரா வாங்கும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை:

தூரம்: விளக்கில் இருந்து தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும். 3 மீட்டரில் பளிச்சென்று தெரிகிற ஆள், 12 மீட்டரில் 16-ல் ஒரு பங்கு வெளிச்சத்தில் நிற்பார். குட்டி கேம்கார்டர்களில் இருக்கும் ஒன்றிரண்டு எல்இடி, ஒரு அறைக்குள் எடுக்கத்தான் சரிவரும். தோப்பின் கடைசியில் நிற்கும் மிருகம் தெரியாது. தூரம் வேண்டுமென்றால் தனியாக ஐஆர் விளக்கு வாங்கி மாட்ட வேண்டும். அதை மாட்டும் இடம் கேமராவில் இருக்கான்னு பாருங்க.

850-ஆ, 940-ஆ: ஐஆர் விளக்குகளில் இந்த இரண்டு நம்பர்கள்தான் அதிகம். 850 நானோமீட்டர் என்றால் அதிக தூரம் போகும், ஆனால் விளக்கைப் பார்த்தால் மங்கலான சிவப்பு தெரியும். 940 என்றால் எதுவும் தெரியாது, ஆனால் தூரம் குறையும்.

கலர் கிடையாது: படம் கறுப்பு வெள்ளையாக அல்லது பச்சையாகத்தான் வரும். இலைகள் வெள்ளையாகத் தெரியும். சில கறுப்புத் துணிகள்கூட வெளிறிப்போய்த் தெரியும்.

பனி, கண்ணாடி: வால்பாறைப் பனியில் கார் ஹை பீம் போட்டால் முன்னால் வெள்ளைச் சுவர்தானே தெரியும்? ஐஆர் விளக்குக்கும் அதே கதிதான். விளக்கைக் கேமராவில் இருந்து தள்ளி, பக்கவாட்டில் வைத்தால் கொஞ்சம் தப்பிக்கலாம். ஜன்னலுக்குள் இருந்து எடுத்தால் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, படமே வெளுத்துவிடும்.

நெருப்பு: பண்ணாரி அம்மன் கோயில் குண்டம் மாதிரியான விழாவில் நைட் மோடு போட்டுவிடாதீங்க. கனலும் நெருப்பில் இருந்து ஐஆர் கொட்டும். ஃபில்டர் விலகிய கேமராவுக்கு அந்த இடம் முழுக்க வெள்ளையாகத்தான் தெரியும்.

இந்த வகையைப் பிரபலப்படுத்தியது சோனி ஹேண்டிகேமின் 'நைட்ஷாட்'. 1998-ல் வந்தபோது ஒரு வில்லங்கமும் கூடவே வந்தது. பகலில் நைட்ஷாட்டைப் போட்டு, மேலே ஒரு ஃபில்டரையும் மாட்டினால் சிலவகை மெல்லிய துணிகளை ஊடுருவித் தெரிகிறது என்ற விஷயம் வெளியே வர, பகல் வெளிச்சத்தில் அப்படிப் பயன்படுத்த முடியாதபடி சோனி அதை மாற்றியமைத்தது. பின்னால் வந்த ஏஎக்ஸ்53 மாதிரியான மாடல்களிலும் நைட்ஷாட் இருந்தது. செகண்ட் ஹேண்டில் தேடுபவர்கள் ஒன்றைக் கவனிங்க. டேப்பில் பதிவாகும் பழைய ஹேண்டிகேம் மலிவாகக் கிடைக்கும்தான். ஆனால் அந்த டேப்பையும், அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும் கேபிளையும் தேடி அலைய வேண்டிவரும். மெமரி கார்டு மாடலாகப் பார்த்து வாங்குங்க.

வழி 3: வெப்பத்தைப் பார்ப்பது

மூன்றாவது தெர்மல். இதற்கு நிலா வெளிச்சமும் வேண்டாம், ஐஆர் விளக்கும் வேண்டாம். உயிருள்ள உடம்பு, இன்ஜின், பாறை என எல்லாமே வெளியிடும் வெப்பக் கதிரை வைத்தே படம் போடும்.

இது எவ்வளவு பெரிய வேலை செய்யும் என்பதற்கு மதுக்கரைதான் சாட்சி. எட்டிமடை - வாளையாறு இடையே காட்டுக்குள் போகும் ரயில் பாதைகளில் வருஷக்கணக்கா யானைகள் அடிபட்டுச் செத்துக்கிட்டிருந்துச்சு. 2021 நவம்பரில், நவக்கரை பக்கம் ஒரே இரவில் மூன்று யானைகள் ரயில் மோதி இறந்தது பலருக்கும் ஞாபகம் இருக்கும். 2024 பிப்ரவரியில் அங்கே செயற்கை நுண்ணறிவு எச்சரிக்கை அமைப்பு தொடங்கப்பட்டது. சுமார் 7 கிலோமீட்டருக்கு 12 கோபுரங்கள், அவற்றில் தெர்மல் கேமராக்கள், ஒரு கட்டுப்பாட்டு அறை. செலவு 7.24 கோடி ரூபாய். இருட்டில் யானை தண்டவாளத்தை நெருங்கினால் கேமரா அதைப் பார்த்து எச்சரிக்கும். வனத்துறைக்கும் ரயில்வேக்கும் தகவல் போகும்.

இங்கே ஏன் ஐஆர் போதவில்லை? யானை எந்தப் பக்கமிருந்து வரும், எவ்வளவு தூரத்தில் வரும்னு யாருக்கும் தெரியாது. காடு முழுக்க ஐஆர் விளக்கு அடிச்சு வைக்க முடியாது. மழை இருட்டிலும் புதரோரத்திலும் 'அங்கே ஒரு பெரிய உடம்பு இருக்கு' என்று தெரிந்தால் போதும். அதற்குத் தெர்மல்தான் சரி.

ஆனால் அதுவே அதன் குறையும்கூட. தெர்மலில் 'ஏதோ இருக்கு' என்று தெரியும், முகம் தெரியாது. சேலை நிறமோ போர்டில் எழுதியிருப்பதோ தெரியாது. கைக்கு அடக்கமான தெர்மல் கருவிகளில் 256 x 192 பிக்ஸல் என்பதெல்லாம் சகஜம். சாதாரண ஜன்னல் கண்ணாடியையும் அதனால் ஊடுருவ முடியாது, கண்ணாடியின் வெப்பத்தைத்தான் காட்டும். சித்திரை வெயிலில் காய்ந்த பாறை, ராத்திரியிலும் சூடாகவே இருந்து ஆளைக் குழப்பும். ரீல்ஸ் போடத் தெர்மல் வாங்கினீங்கன்னா, ரெண்டாவது வீடியோவுக்கே போர் அடிச்சிடும்.

சரி, உங்களுக்கு எது?

நோம்பி, கும்மி, கல்யாண வரவேற்பு: வழி 1. கலர் வேண்டும், வெளிச்சமும் ஓரளவு இருக்கும். நல்ல போனோ, 1 இன்ச் சென்சார் கேமராவோ, எஃப் 1.8 லென்ஸ் போட்ட மிரர்லெஸ் கேமராவோ போதும். பறை, தவில் சத்தத்தில் ஆடியோ கிழியாமல் இருக்க, மைக் மாட்டும் ஜாக்கும் சத்த அளவைக் கையால் குறைக்கும் வசதியும் இருக்கணும்.

தோட்டத்தில் காட்டுப்பன்றி, கோழிப்பண்ணையில் ராத்திரி நடமாட்டம்: கேம்கார்டரே வேண்டாம். கேமரா ட்ராப் வாங்குங்க. அசைவு தெரிந்தால் தானாகவே எடுக்கும், 940 ஐஆர் இருப்பதால் மிருகத்துக்கும் திருடனுக்கும் இடம் தெரியாது, பேட்டரியும் வாரக்கணக்கில் வரும். நீங்க வீட்டில் படுத்துத் தூங்கலாம்.

அறைக்குள், கூடாரத்துக்குள், ஷார்ட் ஃபிலிமில் ஒரு திகில் காட்சி: வழி 2. ஐஆர் இருக்கிற கேம்கார்டர், கூட ஒரு தனி ஐஆர் விளக்கு.

மின்மினி: வழி 1 மட்டும்தான், அதிலும் ட்ரைபாட் கட்டாயம். ஐஆர் போட்டால் மரம் தெரியும், ஆனால் மின்மினியின் அந்தப் பச்சை மஞ்சள் நிறம் போய்விடும். டார்ச், போன் ஃப்ளாஷ் கூடவே கூடாது. ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று கண்டுபிடிப்பதே அந்த வெளிச்சத்தை வைத்துத்தான். நடுவில் நாம் டார்ச் அடித்தால் அதுகளின் பேச்சு நின்றுவிடும்.

தோப்புக்குள் பெரிய மிருகம் நிற்குதான்னு தூரத்தில் இருந்தே தெரிஞ்சுக்க: தெர்மல். இது வீடியோவுக்கு இல்லை, உயிர்ப் பாதுகாப்புக்கு. யானை நடமாட்டம் உள்ள தடாகம், தொண்டாமுத்தூர் பக்கம் நாலைந்து தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது யோசிக்க வேண்டிய விஷயம்.

கடையில் நிற்கும்போது கேட்க வேண்டியவை

1. 'இந்த நைட் விஷன் எப்படிங்ணா வேலை செய்யுது? ஐஆரா, லோ லைட்டா?' இதுதான் முதல் கேள்வி. பதில் தெளிவாக வரவில்லை என்றால் அடுத்த கடை.

2. லைட்டை அணைச்சுக் காட்டச் சொல்லுங்க. குடோன், படிக்கட்டு அடி என எங்காவது இருட்டான இடம் இருக்கும். 3 மீட்டர், 6 மீட்டர், 10 மீட்டரில் ஒருத்தரை நிற்க வைத்து எடுத்துப் பாருங்க. கேமராவின் குட்டி ஸ்கிரீனில் எல்லாமே அழகாத்தான் தெரியும். ஒரு லேப்டாப்பில் போட்டுப் பார்த்து முடிவு பண்ணுங்க.

3. ஃபோகஸ் தேடுதா? இருட்டில் பல கேமராக்கள் ஃபோகஸ் கிடைக்காமல் முன்னும் பின்னும் அலையும். கையால் ஃபோகஸ் வைக்கும் வசதி கட்டாயம் வேண்டும்.

4. ஜூம் எவ்வளவு என்று கேட்காமல், 'ஆப்டிகல் ஜூம் எவ்வளவு' என்று கேளுங்க. டிஜிட்டல் ஜூம் என்பது எடுத்த படத்தை வெட்டிப் பெரிசாக்குவது, அவ்வளவுதான்.

5. பேட்டரி. ஐஆர் விளக்கு எரிந்தால் பேட்டரி வேகமாக இறங்கும். பவர் பேங்க் மாட்டிக்கொண்டே ரெக்கார்டு பண்ண முடியுமான்னு கேளுங்க. கூடுதல் பேட்டரி நம்ம ஊரில் கிடைக்குமா என்பதும் முக்கியம்.

6. மெமரி கார்டு. விநாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் 64 ஜிபி கார்டு சுமார் 85 நிமிஷத்தில் நிறைந்துவிடும். விடிய விடிய நடக்கிற கூத்துக்கு ஒரு கார்டு பத்தாது. கார்டில் 'வி30' என்று போட்டிருக்கணும்.

இதையெல்லாம் விட நல்ல யோசனை ஒன்று உண்டு. கோவையில் கேமரா வாடகைக்குத் தரும் கடைகள் இருக்கு. கல்யாண சீஸன் இல்லாத நாளில் ஒரு ராத்திரிக்கு எடுத்துப் பாருங்க. அந்த ஒரு நாள் வாடகை, தப்பான கேமராவில் போகவிருந்த பணத்தை மிச்சப்படுத்திக் கொடுக்கும்.

கேமரா பார்க்கும் தூரமும், யானை ஓடும் வேகமும்

இப்போ கொஞ்சம் சீரியஸா ஒரு விஷயம். நம்ம பக்கம் ராத்திரி ஊருக்குள் யானை வந்துவிட்டால், முதலில் ஓடி வருவது போனும் கையுமான கூட்டம்தான். நைட் விஷன் கேமரா கையில் இருந்தால் இன்னும் கொஞ்சம் தைரியம் வரும். 'இருட்டில் நமக்குத் தெரியுது, அதுக்கு நாம தெரியமாட்டோம்' என்ற நினைப்பு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆசிய யானை மணிக்கு சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டும் என்று ஆய்வாளர்கள் அளந்திருக்கிறார்கள். விநாடிக்கு ஏறக்குறைய 7 மீட்டர். குட்டி கேம்கார்டரின் ஐஆர் விளக்கு 10 மீட்டர் தூரம் வரைக்கும் காட்டுகிறது என்றே வைத்துக்கொள்வோம். உங்க ஸ்கிரீனில் யானை தெரிகிறது என்றால், அது உங்களை வந்து சேர ஒன்றரை விநாடி போதும். அதற்குள் கேமராவை மூடக்கூட முடியாது, எங்கே ஓடுவது?

இன்னொன்று. இருட்டுக்கு நம் கண் முழுசாகப் பழக 20 முதல் 30 நிமிஷம் ஆகும். பளிச்சென்று எரியும் ஸ்கிரீனை ஒரு தடவை பார்த்தாலே அந்தப் பழக்கம் கலைந்துவிடும். ஸ்கிரீனில் இருந்து தலையைத் தூக்கும்போது சுற்றிலும் ஒண்ணுமே தெரியாது. பள்ளம் எங்கே, வரப்பு எங்கே, கூட்டத்தில் இரண்டாவது யானை எங்கே என்று எதுவுமே தெரியாமல் நிற்பீங்க. அதனால் யானை, சிறுத்தை வந்திருக்குன்னு தெரிஞ்சா செய்ய வேண்டியது வனத்துறைக்குத் தகவல் சொல்லிவிட்டு வீட்டுக்குள் இருப்பது. ராத்திரி ஷூட்டிங்குக்குப் போனாலும் ஸ்கிரீன் வெளிச்சத்தை அடியோடு குறைச்சுக்கோங்க, தனியாகப் போகாதீங்க.

சட்டமும் இருக்கு. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். சரணாலயத்துக்குள் போய்ப் படம் எடுக்க 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வாங்க வேண்டும். பண்ணாரி - திம்பம் சாலையில் 2022 முதல் இரவுப் போக்குவரத்துக்கே கட்டுப்பாடு இருக்கு. 'ரோட்டோரமா நின்னு ரெண்டு நிமிஷம் எடுத்துட்டு வந்துடறோம்' என்பதெல்லாம் எடுபடாது.

மனுஷங்க விஷயத்தில் இன்னும் கவனம். இருட்டில் இருப்பவருக்குத் தான் படம்பிடிக்கப்படுவதே தெரியாது என்பதுதான் இந்தக் கேமராவின் சிறப்பு, ஆபத்தும் அதுதான். ஒருவரின் அந்தரங்கத்தை அனுமதியில்லாமல் படமெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி குற்றம், 3 வருஷம் வரை சிறை. பெண்களை அப்படிப் படமெடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 77-வது பிரிவும் சேரும். முதல் தடவைக்கே குறைந்தது ஒரு வருஷம் சிறை. தோட்டத்துக்கும் வாசலுக்கும் மாட்டும் கேமரா பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்க்காதபடி திருப்பி வையுங்க.

கடைசியா...

பணம் கட்டும் முன் ஒரு பேப்பரில் மூன்று வரி எழுதுங்க. நான் எடுக்கப்போவது எவ்வளவு தூரத்தில் இருக்கும்? அங்கே எவ்வளவு வெளிச்சம் இருக்கும்? எனக்குக் கலர் வேண்டுமா, ஆள் தெரிந்தால் போதுமா? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால், எந்தக் கடைக்காரரும் உங்களுக்குத் தேவையில்லாததைத் தலையில் கட்ட முடியாது.

பாதிப் பேருக்கு வரப்போகும் பதில், 'இப்போ இருக்கற போனும் ஒரு ட்ரைபாடும் போதும்' என்பதாகத்தான் இருக்கும். மிச்சமாகும் காசில் ஒரு நல்ல மைக் வாங்குங்க. படம் கொஞ்சம் மங்கலா இருந்தாலும் கும்மிப் பாட்டு தெளிவாகக் கேட்டால் ஜனம் உட்கார்ந்து பார்க்கும்!